மாப்பிள்ளையைப் பாலத்துக்கு அப்பால் விட வேண்டாம்

ராமேசுவரம் தீவின் மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வீட்டில் மாமனார், மாமியார், ஐந்து வயது மகள், மூன்று வயதுக் கடுவன் பூனை ஒன்று. வேளாவேளைக்கு மீன் கேட்பதையும் திண்ணையில் கால் நீட்டிப் படுப்பதையும் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை என்பதால் மாமனார் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறாராம்.

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக்கு மீன் வரவில்லை. பூனைக்குக் கருவாட்டுச் சோறுதான். மே மாதம் ஒருநாள் அது மணலில் குந்திக் குந்தி முக்கியிருக்கிறது. மலச்சிக்கல் என்று மாமியார் விளக்கெண்ணெய் ஊட்டியிருக்கிறார். மறுநாள் சுருண்டு படுத்துவிட்டதும் ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அடைத்திருந்தது மலம் இல்லை, சிறுநீர். குழாய் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

சகோதரிக்கு இப்போது நான்காம் மாதம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. அப்போதே பூனையைக் காட்டி ஒரு பேச்சு எழுந்து அடங்கியது. இப்போது மறுபடியும் கிளம்பியிருக்கிறது. பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரரோ, காயப்போட்ட கருவாட்டைப் பூனை இழுத்துக்கொண்டு போவதால் “ஒருநாள் மருந்து வைத்துவிடுவேன்” என்கிறார். இரண்டு சண்டைக்கும் நடுவில் நிற்கும் கணவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: சாக்கில் போட்டுப் பாலத்தைத் தாண்டி, மண்டபம் பக்கம் மீன் இறங்கும் இடத்தில் விட்டுவிடுவது. அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை, பாலத்தைக் கடந்து அது திரும்பியும் வராது. ‘என் பிள்ளைக்கு ஆபத்து என்றால் நானே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். இல்லை என்றால் அதை இவர்களுக்குப் புரியும்படி எழுதுங்கள்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி, பூனையை விட வேண்டியதில்லை. பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. ஆனால் அது நீங்கள் பயப்படும் திசையிலிருந்து வரவில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது இந்தப் பதிலைச் சத்தமாகப் படியுங்கள். கணவரும் மாமியாரும் கேட்க வேண்டியவை இதில் நிறைய இருக்கின்றன.

கர்ப்பத்துக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் முடி. பூனை முடி வாய் வழியாக உள்ளே போனால் குடல் வழியாக வெளியே போய்விடும். கர்ப்பப்பைக்குப் போக அதற்கு வழியே கிடையாது. பூனையால் சிலருக்குத் தும்மலும் இளைப்பும் வருவது உண்மைதான். அது அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் வரும் ஒவ்வாமை. மூன்று ஆண்டாக உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முடியை இத்துடன் விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரி. எலி, பறவை, பச்சை இறைச்சி ஆகியவற்றைத் தின்னும் பூனைக்கு இது தொற்றும். முதல் முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை அதன் மலத்தில் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் வெளியேறும். அதன் பிறகு பெரும்பாலான பூனைகளில் அது நின்றுவிடும். குட்டியிலிருந்தே ஓணானையும் எலியையும் துரத்திய மூன்று வயதுக் கடுவனுக்கு அந்தக் கட்டம் அநேகமாக என்றோ முடிந்திருக்கும். இன்னொரு நல்ல சேதி: மலத்தில் வந்த முட்டை உடனே தொற்றாது. அது முதிர ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை வேண்டும். தினமும் மலத்தை அள்ளி அப்புறப்படுத்தினால் பெரும்பகுதி ஆபத்து அத்துடன் போய்விடும். பூனையைத் தடவுவதால், மடியில் வைத்துக்கொள்வதால் இது வருவது மிக அரிது.

இனி அந்த ஒரு வரி. ‘ரத்தம் ஊற வேண்டும் என்று அத்தை வாரம் ஒருமுறை சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) நெருப்பில் வாட்டித் தருகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, மனிதர்களுக்கு டாக்சோபிளாஸ்மா வரும் முக்கியமான வழிகளில் ஒன்று சரியாக வேகாத ஆட்டிறைச்சி. ஆட்டின் தசையிலும் உள்ளுறுப்பிலும் இந்த ஒட்டுண்ணி உயிரோடு தங்கியிருக்கும். மேலே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும் சுவரொட்டியில் அது சாவதில்லை. வீட்டுப் பூனையைவிட அந்தத் தட்டுதான் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து அதிகம்.

அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சோகை பிடித்த மருமகளுக்குச் சுவரொட்டி வாங்கிவரும் மாமியார் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? அவர் நோக்கம் சரி, வேக்காடுதான் போதவில்லை. நடுவில் சிவப்பு தெரியாதபடி குழம்பில் கொதிக்க வைத்துத் தரச் சொல்லுங்கள். வெந்தால் இரும்புச் சத்து எங்கும் ஓடிவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையையும் விடாதீர்கள்.

கலைந்த கருவைப் பற்றி ஒன்று. நான் கால்நடை மருத்துவன், அதற்குக் காரணம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை; உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமிலேயே இருந்த குறையால் கலைகிறது என்பது மருத்துவ நூல்களில் உள்ள செய்தி. தாய் செய்த எதனாலும் இல்லை, தொட்ட எதனாலும் இல்லை. பூனையின் மேல் பழி போடுகிறவர்கள் உண்மையில் அதை வளர்த்த உங்கள் மேல்தான் போடுகிறார்கள். அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

சந்தேகம் தீர ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. டாக்சோபிளாஸ்மா எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அறிக்கையில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு வரி இருக்கும். கர்ப்பத்துக்கு முன்பே தொற்றி ஆறியிருந்தால் பொதுவாகப் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் கவலை. அதற்கும் மருந்து இருக்கிறது. ஐ.ஜி.எம். வரி பல மாதம் கழித்தும் நேர்மறையாகவே காட்டக்கூடும். ஆகவே ஒரு தாளைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். தேவையா, மறுபடி எடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் மருத்துவர் சொல்லட்டும்.

இந்தக் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பட்டணத்துப் பூனை ஒரு மணல் தட்டில் மலம் கழிக்கும். உங்கள் ஊரில் வாசல், கொல்லை, தெரு எல்லாமே மணல். ஊர்ப் பூனைகள் அத்தனையும் அதில்தான் தோண்டி மூடுகின்றன. உங்கள் பூனையை அனுப்பிவிட்டாலும் அந்த மணல் அங்கேயேதான் இருக்கும். ஆகவே இதையெல்லாம் பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும்: கொல்லை மணலில் செடி வைப்பது, கீரை பிடுங்குவது போன்ற வேலைக்குக் கையுறை. கீரை, கொத்துமல்லியை நிறையத் தண்ணீரில் அலசுவது. சமைக்கும் முன்பும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. மகள் விளையாடும் மணல் குவியலை இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவது. வெறுங்காலில் அரிப்போடு கோடு கோடாக ஊர்ந்து செல்லும் தடிப்பு உங்கள் பக்கத்துக் குழந்தைகளிடம் பார்த்திருப்பீர்கள். அதுவும் நாய், பூனைக் குடற்புழுவின் வேலைதான். பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுத்தால் உங்கள் வீட்டுப் பங்காவது குறையும்.

வீட்டுக்குள் பூனைக்கு என்று ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று விரல் உயரம் மணல் போட்டு வையுங்கள். சென்னையில் இதற்குக் காசு கொடுத்து மூட்டை வாங்குகிறார்கள். உங்களுக்கு மணலுக்கா பஞ்சம்? அதை நீங்கள் அள்ளக்கூடாது. மாமனாரோ கணவரோ தினமும் அள்ளி, வாரம் ஒருமுறை தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பினாயில், பிளீச்சிங் பவுடரெல்லாம் இந்த முட்டையை அசைப்பதில்லை, கொதிநீர்தான் கொல்லும். அள்ள வேறு ஆள் இல்லாத நாளில் கையுறை போட்டு நீங்கள் அள்ளிவிட்டுக் கை கழுவினால் குடி முழுகிவிடாது. பிரசவம் முடியும்வரை புதிதாகக் குட்டி எதையும் வீட்டுக்குள் சேர்க்காமல் இருங்கள். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள்.

சாக்கில் போட்டு விடுவது

கணவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் கொடுமைக்காரர் இல்லை. சண்டையைத் தவிர்க்கப் பார்க்கிறீர்கள். மீன் இறங்கும் இடத்தில் மீன் கிடக்கும் என்பதும் சரிதான். ஆனால் அந்த மீனுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். துறையில் பிறந்து வளர்ந்த கடுவன்கள் தங்கள் எல்லையை மூத்திரம் அடித்துக் குறித்து வைத்திருக்கும். தெருநாய்களும் அங்கே உண்டு. திண்ணைப் பூனையை அந்த நடுவில் அவிழ்த்துவிட்டால் முதல் சில நாள் அது எங்காவது ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கும். தின்னாது, குடிக்காது. ஒருமுறை சிறுநீர் அடைத்த கடுவனுக்கு மறுபடி அடைக்க இந்தப் பயமும் தண்ணீர் குடிக்காமையுமே போதும். அங்கே அது குந்தி முக்கும்போது பார்க்கவும் தூக்கிக்கொண்டு ஓடவும் யார் இருப்பார்கள்?

திரும்பி வராது என்பதும் நிச்சயமில்லை. பூனைக்கு வீட்டின் மேல் பிடிப்பு அதிகம். வழி தேடிக் கிளம்பும். பாலத்தில் இரவில் வரும் பஸ்ஸுக்கும் மீன் லாரிக்கும் அது தெரியாது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11-இன்படி, பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணம் இல்லாமல் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். பழைய காலத்துத் தொகை அது. தொகை சிறிது என்பதால் செயல் சரியாகிவிடாது.

வைத்துக்கொள்ள முடியவே முடியாது என்ற நிலை வந்தால் அதற்கும் முறை உண்டு. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, பூனை வளர்த்துப் பழகிய ஒரு வீட்டில், அதன் நோய்க் கதையைச் சொல்லி ஒப்படைப்பது. சாக்கு அதில் வராது.

கருவாடு, பால், உவர்நீர்

பூனை மீனைத் தின்றே வாழும் என்று கடலோரத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் நம்புகிறோம். அது வாழும், நன்றாக வாழாது.

சாளை, நெத்திலி போன்ற சிறுமீன்கள் பலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அவற்றைப் பச்சையாகவே தின்றுவரும் பூனை முதலில் தீனியை மறுக்கும். பிறகு தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படிய நிற்கும், தள்ளாடும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். எண்ணெய்ச் சத்துள்ள மீனை மட்டுமே போட்டால் வேறொரு கேடு: தோலுக்கடியில் கொழுப்பு அழன்று கட்டிகட்டியாகி, தொட்டாலே பூனை கத்தும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேகவைத்த மீன் போதும்.

மற்ற நாளில் கோழி. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும். குறைந்தால் கண் விழித்திரையும் இதயமும் கெடும். கோழி இதயத்தில் அது நிறைய இருக்கிறது, கோழிக்கடையில் விலையும் குறைவு. வேகவைத்த தண்ணீரில் டாரின் இறங்கிவிடும் என்பதால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். ஈரல் வாரத்தில் ஒருநாள், கட்டைவிரல் அளவு, அதற்கு மேல் வேண்டாம். வெந்த முட்டை கொடுக்கலாம். சோறு ஒரு பிடி கலந்தால் குற்றமில்லை. சோறே முக்கால் தட்டு என்றால் அது பூனைத் தீனி ஆகாது. நான்கு கிலோ கடுவனுக்கு எலும்பு நீக்கிய மீனும் கறியுமாக நாளொன்றுக்கு 150 கிராம் அளவில் தொடங்கலாம். ஆனால் வீட்டுச் சமையலை மட்டும் நம்பினால் ஏதாவது ஒரு சத்து விட்டுப்போகும். முடிந்த அளவு கடையில் விற்கும் முழுமையான பூனைத் தீனியையும் கலந்து கொடுங்கள். உலர்ந்த வகை என்றால் தண்ணீரில் ஊறவைத்து வையுங்கள்.

கருவாடு ஒரு துண்டுகூட வேண்டாம். உப்பு ஒரு பக்கம், ஈரமே இல்லாத தீனி மறு பக்கம். பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி. அதன் உடலுக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி இரையின் ஈரத்திலிருந்தே வர வேண்டும். நான்கு கிலோ எடைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து ஏறக்குறைய 200 மில்லி தேவை. அது குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு, பொடிமணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து, கடுவனின் குறுகிய பாதையில் அடைத்துக்கொள்ளும். பெட்டைகளுக்குப் பாதை அகலம் என்பதால் இது அரிது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. குடிக்கக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறீர்கள். பூனைக்குக் கிணற்று உவர்நீர். நாம் வாயில் வைக்க முடியாததைப் பூனை மட்டும் எப்படிக் குடிக்கும்? அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நீங்கள் குடிக்கும் தண்ணீரிலேயே ஒரு டம்ளர் ஒதுக்குங்கள். அகலமான கிண்ணத்தில், தீனித் தட்டுக்குத் தள்ளி, இரண்டு இடத்தில் வையுங்கள். உப்புப் போடாமல் மீன் வேகவைத்த நீரை ஊற்றினால் மாப்பிள்ளை மறுக்கமாட்டார்.

பால் கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, கழிச்சல்தான் மிச்சம். மீன் குழம்பில் பிசைந்த சோறும் கூடாது. அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஊதிப் பெருக்கும் பேத்தை மீன் வலையில் வந்தால் கரையில் எறியாதீர்கள். அதன் நஞ்சு பூனையையும் கொல்லும், ஆளையும் கொல்லும். தூண்டில் முள்ளும் தங்கூசி நரம்பும் (நைலான் தூண்டில் இழை) தரையில் கிடக்கக் கூடாது. வாயிலோ ஆசனவாயிலோ நரம்பு தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

பூனையின் காய்ச்சலுக்கு மகளின் பாரசிட்டமால் சிரப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சொட்டுகூடக் கூடாது. நமக்கு எளிய மருந்து. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஒரே மாத்திரையில் செத்த பூனைகள் உண்டு. நாய்க்கு உண்ணி போக்க வாங்கும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே.

அடைப்பின் அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கடி மணலுக்குப் போகும், குந்தும், முக்கும். மணலைப் பார்த்தால் நனைந்திருக்காது. குறியை நக்கிக்கொண்டே இருக்கும். கத்தும். அடிவயிற்றைத் தொட்டால் கெட்டியாக இருக்கும். பிறகு வாந்தி, சோர்வு. முக்குவதைக் கண்டால் மலச்சிக்கல் என்று நினைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது, அத்தையும் அப்படித்தான் நினைத்தார். கடுவன் முக்கினால் முதலில் சிறுநீர் என்றே எண்ணுங்கள். விளக்கெண்ணெய் வேண்டாம், காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். முழுதாக அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளிலேயே இதயம் நின்றுவிடும். தீவிலிருந்து ராமநாதபுரம் போகும் தூரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம்

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கருவாடு அவர் பிழைப்பு. முதலில் அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள், போன கருவாட்டுக்கு ஒரு தொகையைக் கொடுங்கள். பூனை என்றால் அப்படித்தான் என்று நீங்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

மருந்து வைப்பேன் என்பது வேறு விஷயம். மணலில் வைத்த நஞ்சைப் பூனைதான் தின்னும் என்று உத்தரவாதம் இல்லை. கோழி கொத்தும், தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதும் நஞ்சு வைப்பதும் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். ஊர்த் தலைவர் மாதிரி நடுவில் ஒருவரை வைத்துக்கொண்டு, தெரிய வேண்டியதைத் தெரியப்படுத்துவதாகச் சொல்லுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறவர்களுக்கு அது கடைசி வழி.

இரண்டு வேலை செய்தால் அந்த வழிக்குப் போக வேண்டியிருக்காது. கருவாட்டைத் தரையில் பரப்பாமல் பரண் கட்டி உயர்த்தி, மேலே சின்னக் கண்ணி வலையை இழுத்துக் கட்டினால் பூனையும் காக்கையும் அண்டாது. மண்ணும் ஒட்டாத கருவாட்டுக்கு விலையும் கூடும். கழித்துப்போட்ட வலை உங்கள் வீட்டில் இருக்கும். கணவரே போய்க் கட்டிக் கொடுக்கட்டும். அதே வலையால் உங்கள் கொல்லையில் ஒரு மூலையை மேலும் பக்கமும் அடைத்தால் மாப்பிள்ளைக்கு வெயில் காய இடம் ஆயிற்று. வலை தொய்வாகத் தொங்கக் கூடாது, கழுத்து மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, கருத்தடை. மூன்று வயதுவரை காயடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். இரவில் சுற்றுவது, சண்டை, சுவரில் மூத்திரம் அடிப்பது எல்லாம் அதனால்தான். ‘ஒருமுறை இணை சேர்ந்த பிறகுதான் செய்ய வேண்டும்’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எந்த விதியும் இல்லை. ஐந்து ஆறு மாதத்திலேயே செய்யலாம். அடைப்பு வந்த பூனை என்பதால் சிறுநீரகச் செயல்பாட்டை ரத்தத்தில் பார்த்துவிட்டுச் செய்வார்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். அதே நாளில் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மறவாமல். பூனைக்கு வெறிநோய் வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும், கடியால் நமக்கும் தரும். எந்தப் பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கர்ப்பிணிக்கும் அந்த ஊசி போடலாம், தடையில்லை.

வளைகாப்புக்குப் பிறகு

ஏழாம் மாதம் தொண்டியில் அம்மா வீட்டுக்குப் போனால் பூனையையும் கூடவே கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புது வீடு, புது ஆட்கள், புது மணல்; அடைப்பு வந்த பூனைக்கு அந்த அலைச்சல் ஆகாது. பூனை அதன் திண்ணையிலேயே இருக்கட்டும்.

அதற்கு இன்றிலிருந்தே ஆள் மாற்ற வேண்டும். கணவர் கடலுக்குப் போகும் நாள்கள் இருக்கின்றன. ஆகவே தீனி, தண்ணீர், மணல் மூன்றையும் மாமனாரிடம் ஒப்படையுங்கள். பெயர் வைத்தவர் அவர்தானே! நீங்கள் ஊரில் இருக்கும்போதே அவர் கையால் தின்னப் பழகிவிட்டால், நீங்கள் கிளம்பிய பிறகு பூனை பட்டினி கிடக்காது. மணல் நனைந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பதுதான் அவர் வேலையிலேயே முக்கியமானது. அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அப்போது மீன் இல்லையே என்று கருவாட்டுப் பானையைத் திறந்துவிடாதபடி கோழிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளையோடு திரும்பி வரும் முன் சேலைத் தொட்டிலைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பூனை நிச்சயம் ஏறிப் படுக்கப் பார்க்கும். ஏற ஏற இறக்கிவிட வேண்டும். பிள்ளை வருவதற்குள் அது தன் இடம் இல்லை என்று தெரிந்துவிடும். குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சும் என்பது கதை. ஆனால் சூடு தேடி ஒட்டிப் படுக்கும் என்பது உண்மை. பிஞ்சுக் குழந்தையின் முகத்தருகே நான்கு கிலோ எடை படுப்பது ஆபத்துதான். ஆகவே முதல் சில மாதம் பிள்ளை தூங்கும் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும், தொட்டிலுக்குக் கொசுவலை இருக்கட்டும், ஆள் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விட வேண்டாம். பாப்பாவின் துணி ஒன்றை முன்கூட்டியே அனுப்பி, பூனை மோந்து பார்க்கும்படி திண்ணையில் போட்டுவைத்தால் வாசனை பழகிவிடும்.

அடுத்த கடிதத்தில் பூனையின் எடையை எழுதுங்கள். மீன் நிறுக்கும் தராசில் பையோடு வைத்து நிறுத்தாலே போதும். அதைப் பார்த்துத் தீனியின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறேன்.